பி.இ. உரிமத் தேர்வு: பயிற்சி வகுப்பில் சேர்வதா, தாமே படிப்பதா?

அமெரிக்காவில் உரிமம் இல்லாமலே பொறியாளராக வேலை பார்க்கலாம். பல ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். ஆனால் பாலம், பள்ளிக்கூடம், குடிநீர்த் திட்டம் போன்றவற்றின் வரைபடத்தில் கையொப்பமிட்டு முத்திரை பதிக்க ‘புரொஃபஷனல் எஞ்சினியர்’ (சுருக்கமாக பி.இ.; நம் ஊர் பி.இ. பட்டம் அல்ல) உரிமம் வேண்டும். 1907இல் வயோமிங் மாநிலம் இதற்கான முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. டெக்சாஸில் அந்தச் சட்டம் வருவதற்கு 1937இல் நியூ லண்டன் பள்ளியில் எரிவாயு கசிந்து வெடித்து ஏறக்குறைய முந்நூறு பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறக்க வேண்டியிருந்தது. உரிமத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் இரண்டு எழுத்தாக மட்டும் நினைத்துப் படிக்கத் தொடங்குபவர்களிடம் இந்த வரலாற்றை நான் முதலில் சொல்லிவிடுவேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘எந்தப் பயிற்சி வகுப்பு நல்லது?’ என்பதுதான். வகுப்பே வேண்டுமா என்பதை முடிவு செய்வதற்கு முன் செய்துமுடிக்க வேண்டிய வேலைகள் சில உள்ளன. அவற்றைச் செய்யாமல் பணம் கட்டுபவர்கள் தங்களுக்குத் தெரிந்ததையே மீண்டும் கேட்பதற்குப் பணம் கட்டுகிறார்கள். வகுப்பைத் தவிர்ப்பவர்களோ தெரியாததைக் கடைசி வாரத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

முதலில்: எந்தத் தேர்வு, எந்த வடிவம்

தேர்வுகளை நடத்துவது என்.சி.இ.இ.எஸ். என்ற அமைப்பு. உரிமம் கொடுப்பதோ அந்தந்த மாநிலத்தின் பொறியாளர் வாரியம். முதல் தேர்வு, பொறியியல் அடிப்படைகளைச் சோதிக்கும் எஃப்.இ.: 110 கேள்விகள், 5 மணி 20 நிமிடம். அதற்குப் பிறகு பி.இ.: பெரும்பாலான துறைகளில் 80 கேள்விகள், 8 மணி நேரம், அதாவது ஒரு கேள்விக்கு 6 நிமிடம். சிவில் துறைக்குள் கட்டுமானம், மண்ணியல், கட்டமைப்பு, போக்குவரத்து, நீர்வளமும் சுற்றுச்சூழலும் என்று ஐந்து தனித் தேர்வுகள் உள்ளன; ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். எஃப்.இ., பி.இ. இரண்டும் பியர்சன் வியூ என்ற தேர்வு நிறுவனத்தின் மையங்களில் கணினியில் நடக்கின்றன. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை.

சிவில் தேர்வு 2021 அக்டோபர் வரை காகிதத்தில் நடந்தது. 2022 ஜனவரியில் கணினிக்கு மாறியது. காகிதக் காலத்தில் புத்தகங்களையும் வகுப்புக் குறிப்புகளையும் பெட்டியில் அடுக்கித் தேர்வறைக்கே எடுத்துச் செல்லலாம். வகுப்புகள் கொடுத்த தடித்த கோப்புகளுக்கு அப்போது பெரிய மதிப்பு இருந்தது; தேடவேண்டிய பக்கத்தை அவர்களே ஒட்டுச்சீட்டு வைத்துக் கொடுத்துவிடுவார்கள். இன்று உங்கள் காகிதம் ஒன்றுகூட உள்ளே வராது. என்.சி.இ.இ.எஸ். தரும் கையேடும், சில துறைகளில் கட்டட விதித்தொகுப்புகளும், திரையில் திறக்கும், அவ்வளவுதான். ஆகவே அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர், ‘அந்த வகுப்பு இல்லாமல் நான் தேறியிருக்கவே மாட்டேன்’ என்று சொன்னால், எந்த ஆண்டில் எழுதினார் என்று கேளுங்கள். 2022க்கு முந்தைய அனுபவம் நேர்மையானதாகவே இருந்தாலும் உங்கள் தேர்வைப் பற்றியது அல்ல.

சிவில் பாடத்திட்டம் 2024 ஏப்ரலில் மீண்டும் மாறியது. அதுவரை பாதிக் கேள்விகள் சிவில் துறை முழுவதிலுமிருந்தும், பாதி நீங்கள் தேர்ந்த பிரிவிலிருந்தும் வந்தன. இப்போது தேர்ந்த பிரிவுக்குத்தான் முக்கியத்துவம். இந்த மாற்றம் தாமே படிப்பவர்களுக்கு நல்லது. நாள்தோறும் வேலையில் தொடும் விஷயமே கேள்வியின் பெரும்பகுதியாகிவிட்டது.

இந்தியப் பட்டமோ இலங்கைப் பட்டமோ என்றால்

பொறியியல் பட்டப்படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்கான வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியாவும் இலங்கையும் 2014 முதல் முழு உறுப்பு நாடுகள். இதை வைத்து ‘நம் பட்டம் நேரடியாகச் செல்லும்’ என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். முடிவு செய்வது மாநில வாரியம். பெரும்பாலான வாரியங்கள் வெளிநாட்டுப் பட்டத்துக்கு என்.சி.இ.இ.எஸ்.இன் பட்ட மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்கும். அமெரிக்காவில் எம்.எஸ். முடித்திருந்தாலும் இளநிலைப் பட்டம் வெளிநாட்டினுடையது என்றால் கேட்பார்கள். மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும். பழைய பாடத்திட்ட விவரமும் தேவைப்படலாம். சென்னையிலோ பேராதனையிலோ ஒரு அலுவலகத்தில் அந்தக் காகிதம் நகர்வதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் இதை முதல் வேலையாகத் தொடங்கிவிடுங்கள். வகுப்பில் பணம் கட்டி, படித்து முடித்து, தேர்வுக்கு அனுமதி வராமல் படித்ததை மறந்துபோக விடுவதைப் போன்ற வீண் செலவு வேறில்லை.

மாநில வாரியத்தின் விதிகளையும் அப்போதே படித்துவிடுங்கள். பல மாநிலங்களில் நான்கு ஆண்டு அனுபவம் முடியும் முன்பே பி.இ. தேர்வை எழுதிவிடலாம், உரிமத்துக்குத்தான் அனுபவம் தேவை. உங்கள் மாநிலம் அப்படி என்றால், கல்லூரிக் கணக்கு கையில் இருக்கும்போதே எழுதிவிடுவது புத்திசாலித்தனம். பயிற்சி வகுப்பின் தேவையே பாதியாகக் குறையும். கலிஃபோர்னியாவில் சிவில் உரிமத்துக்கு நிலநடுக்கக் கோட்பாடுகள், அளவையியல் என்று மேலும் இரண்டு மாநிலத் தேர்வுகள் உள்ளன. அவற்றுக்கும் சேர்த்துத்தான் நேரத்தையும் பணத்தையும் கணக்கிட வேண்டும்.

படிக்கும் முன் ஒரு சோதனை

முடிவெடுக்க உதவும் உண்மையான கருவி இதுதான். என்.சி.இ.இ.எஸ். உங்கள் துறைக்கென்றே வெளியிடும் மாதிரித் தேர்வை வாங்குங்கள். வகுப்புக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகக் குறைவு. அவர்கள் தளத்தில் கணக்குத் தொடங்கினால் தேர்வுக் கையேட்டின் பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கும். எதையும் படிக்காமல், ஒரு சனிக்கிழமை காலையில், கேள்விக்கு ஆறு நிமிடம் என்ற கணக்கில் உட்கார்ந்து எழுதுங்கள். கையேட்டைத் திரையில் மட்டும் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். கால்குலேட்டரும் தேர்வில் அனுமதிக்கப்பட்டதாக இருக்கட்டும்: கேசியோவில் எஃப்எக்ஸ்-115, எஃப்எக்ஸ்-991 வகைகள், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் டிஐ-30எக்ஸ், டிஐ-36எக்ஸ் வகைகள், எச்பியில் 33எஸ், 35எஸ். இதில் ஒன்றைத் தேர்ந்து, அன்றிலிருந்து தேர்வு நாள்வரை அதையே பயன்படுத்துங்கள்.

முழுத் தாளையும் ஒரே நாளில் தீர்த்துவிடாதீர்கள். ஒற்றைப்படை எண் கேள்விகளை மட்டும் இப்போது எழுதி, இரட்டைப்படை எண்களைக் கடைசி மாதத்துக்குப் பார்க்காமல் வைத்திருங்கள். தேர்வை நடத்துபவர்களே எழுதிய கேள்விகள் அரிதானவை. மற்றவர்கள் எழுதும் மாதிரிக் கேள்விகள் பெரும்பாலும் தேவைக்கு மேல் நீளமாகவோ, தேவைக்குக் குறைவாக எளிதாகவோ அமைந்துவிடுகின்றன.

பிறகு தவறான விடைகளை மூன்றாகப் பிரியுங்கள். எப்படிச் செய்வது என்று தெரிந்தும் நேரம் போதாமல், அல்லது சூத்திரத்தைக் கையேட்டில் கண்டுபிடிக்க முடியாமல் விட்டவை ஒரு வகை. கல்லூரியில் படித்து மறந்தவை இன்னொரு வகை. வாழ்க்கையில் படித்தே இராதவை மூன்றாவது. எத்தனை மதிப்பெண் என்பதைவிட இந்த மூன்று குவியல்களில் எது பெரியது என்பதுதான் முக்கியம். முதல் குவியல் பெரிது என்றால் உங்களுக்கு வகுப்பு வேண்டாம், பயிற்சிதான் வேண்டும். இரண்டாவது பெரிது என்றால் நல்ல பாடநூலும் ஒழுங்கான அட்டவணையும் போதும். மூன்றாவது பெரிது என்றால், யாராவது சொல்லிக்கொடுப்பது பல வாரங்களை மிச்சப்படுத்தும்.

நம் ஊர்ப் படிப்பு விட்டுவைத்த இடைவெளி

இந்தியாவில் படித்தவர்களின் மூன்றாவது குவியல் பெரிதாக இருப்பதற்குத் திறமைக் குறைவு காரணமல்ல. அலகுகளும் விதித்தொகுப்புகளும் வேறு. கால்வாயில் நீரோட்டத்தைக் கணக்கிடும் மேனிங் சமன்பாட்டை நாம் மீட்டரில் படித்தோம், அதில் மேலே இருக்கும் எண் 1. அடிக் கணக்கில் அது 1.49. நீரின் அலகு எடை கன மீட்டருக்கு 9.81 கிலோநியூட்டன் என்று கைக்கு வருகிறது. இங்கே அமெரிக்காவில் கன அடிக்கு 62.4 பவுண்டு. கழிவுநீர்க் கணக்கில் நாளுக்கு மில்லியன் காலனையும் லிட்டருக்கு மில்லிகிராமையும் பெருக்கி, மேலும் 8.34ஆல் பெருக்கினால் நாளுக்கு எத்தனை பவுண்டு என்று வரும். இங்கே படித்தவர்களுக்கு இது இயல்பாக வரும். நமக்கு அது எங்கிருந்து வந்தது என்றே முதலில் புரியாது.

கட்டமைப்புப் பிரிவில் இது இன்னும் ஆழமானது. இந்தியக் கான்கிரீட் விதித்தொகுப்பான ஐஎஸ் 456இல் கான்கிரீட்டின் வலிமை 150 மில்லிமீட்டர் கனசதுரத்தில் அளக்கப்படுகிறது. அமெரிக்காவின் ஏசிஐ 318இல் உருளையில் அளக்கப்படுகிறது. ஒரே கான்கிரீட்டுக்கு உருளை குறைவான எண்ணையே காட்டும். எம்25 என்ற நம் கான்கிரீட் தரத்தின் எண்ணை அப்படியே மாற்றி எழுதினால் தவறு. நாம் நிலைச்சுமை, பயன்சுமை இரண்டையும் 1.5ஆல் பெருக்கிப் பழகியவர்கள். இங்கே நிலைச்சுமைக்கு 1.2, பயன்சுமைக்கு 1.6. பாதுகாப்பை நாம் பொருளின் வலிமையைக் குறைத்துச் சேர்த்தோம். இவர்கள் உறுப்பின் மொத்த வலிமையை ஒரு குணகத்தால் குறைக்கிறார்கள். மண்ணியலில் ஐஎஸ் வகைப்பாட்டில் களிமண்ணுக்கு நடுத்தர நெகிழ்மை என்று ஒரு பிரிவு உண்டு. இங்கே பயன்படும் ஒருங்கிணைந்த வகைப்பாட்டில் அப்படி ஒன்று இல்லை.

மின்துறையில் பவர் தேர்வு எழுதுபவர்களுக்கு என்.இ.சி. எனப்படும் தேசிய மின் விதித்தொகுப்புதான் பெரிய சவால். தொடர்ந்து ஓடும் ஒரு மோட்டாருக்குக் கம்பியின் அளவைத் தீர்மானிக்கும்போது, பெயர்ப்பலகையில் உள்ள மின்னோட்டத்தை எடுக்காமல் விதித்தொகுப்பின் அட்டவணையில் உள்ள முழுச்சுமை மின்னோட்டத்தை எடுத்து 125 விழுக்காடு ஆக்க வேண்டும். மிகைச்சுமைப் பாதுகாப்புக்கு மட்டும் பெயர்ப்பலகைதான் கணக்கு. சொந்தமாகப் படிப்பவர் இதை ஒருமுறை தவறாகப் புரிந்துகொண்டால், அந்த வகைக் கேள்விகள் அனைத்திலும் தவறுவார். நல்ல ஆசிரியர் பத்தே நிமிடத்தில் சரிசெய்துவிடுவார்.

இந்த இடைவெளிக்காக முழு வகுப்பையும் வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. விதித்தொகுப்பை மட்டும் நடத்தும் சிறு வகுப்புகள் உள்ளன. சில இடங்களில் பாடவாரியாகவும் வாங்கலாம். அமெரிக்க நிறுவனத்தில் மூன்று, நான்கு ஆண்டு வடிவமைப்பு வேலை பார்த்தவர் என்றால் அந்தச் சிறு வகுப்பும் தேவைப்படாமல் போகலாம். அலுவலக வேலையே சொல்லிக்கொடுத்திருக்கும். சோதனைத் தாள் அதைக் காட்டிவிடும்.

வகுப்பு உண்மையில் எதைத் தருகிறது

வரிசையும் கெடுவும். எதை முதலில் படிப்பது, எதை விடுவது என்ற முடிவை உங்களுக்காக வேறொருவர் எடுத்துவிடுகிறார். வாரத்தில் இரண்டு மாலை உட்கார்ந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் வருகிறது. சிறு குழந்தை உள்ள வீட்டில், ‘இன்று இரவு வகுப்பு இருக்கிறது’ என்று சொன்னால் கிடைக்கும் நேரம், ‘நான் படிக்கப் போகிறேன்’ என்று சொன்னால் கிடைப்பதில்லை. இதற்காகவே பணம் கட்டுபவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அது நியாயமான காரணம்.

ஆனால் ஆசிரியர் கணக்குப் போடுவதைப் பார்ப்பது, கரையில் நின்று நீச்சல் பார்ப்பதுதான். வகுப்பு நடக்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். நூறு மணி நேரம் வகுப்பு கேட்டு, அதில் பாதி நேரம்கூடத் தாமாகக் கணக்குப் போடாதவர்கள் தேர்வில் தடுமாறுகிறார்கள். வகுப்பில் ஒரு மணி நேரம் இருந்தால் குறைந்தது இன்னொரு மணி நேரம் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த நேரம் உங்களிடம் இல்லை என்றால் வகுப்பை வாங்காதீர்கள். கிடைக்கும் நேரத்தைக் கணக்குகளுக்கே கொடுங்கள்.

நேரலை வகுப்புகளின் கட்டணம் பெரும்பாலும் ஆயிரம் டாலரைத் தாண்டும். தேர்வுக் கட்டணமோ 400 டாலர். பணம் கட்டும் முன் உங்கள் நிறுவனத்தின் மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். தேர்வுக் கட்டணத்தையும் வகுப்புக் கட்டணத்தையும் திருப்பித் தரும் நிறுவனங்கள் பல உள்ளன. சில முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தால்தான் தரும். சில தேறினால்தான் தரும்.

வகுப்பு நடத்துபவர்களிடமும் கேள்விகள் கேட்க வேண்டும். பாடம் இப்போதைய பாடத்திட்டத்தின்படி எழுதப்பட்டதா, அல்லது பழையதன் மேல் ஒட்டுப்போட்டதா? சிவில் என்றால் 2024 ஏப்ரலுக்குப் பிறகு என்ன மாற்றினார்கள்? கணக்குகளை என்.சி.இ.இ.எஸ். கையேட்டின் சூத்திரங்களைக் கொண்டே தீர்க்கிறார்களா, தங்கள் சொந்தக் குறிப்பைக் கொண்டா? இரண்டாவது விடை வந்தால் அங்கேயே விலகிவிடுங்கள். அந்தக் குறிப்பு தேர்வறையில் இருக்காது. சந்தேகம் கேட்டால் பதில் சொல்வது யார், எத்தனை நாளில்? பதிவுகளை எத்தனை மாதம் பார்க்கலாம்? ஒரு மாதிரிப் பாடத்தைக் காட்ட மறுக்கும் இடத்தில் சேர வேண்டாம்.

‘தேறாவிட்டால் மீண்டும் இலவசம்’ என்ற உறுதிமொழியின் நிபந்தனைகளை முழுதாகப் படியுங்கள். இத்தனை விழுக்காடு வகுப்புக்கு வந்திருக்க வேண்டும், இத்தனை வீட்டுப்பாடம் முடித்திருக்க வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்குள் தேர்வு எழுதியிருக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கும். விளம்பரத்தில் வரும் தேர்ச்சி விழுக்காட்டை நான் பொருட்படுத்துவதில்லை. எத்தனை பேரைக் கேட்டு அந்த எண் வந்தது என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. தேறியவர்களே விரும்பி எழுதித் தெரிவிப்பார்கள். உண்மையான தேர்ச்சி விழுக்காட்டை என்.சி.இ.இ.எஸ். துறைவாரியாக வெளியிடுகிறது. முதல்முறை எழுதுபவர்களுக்கும் மீண்டும் எழுதுபவர்களுக்கும் அதில் தனித்தனியே உண்டு. அதைப் பாருங்கள்.

தாமே படிப்பது என்று முடிவு செய்தால்

பலரும் சொல்லும் கணக்கு 200 முதல் 300 மணி நேரம். வாரத்துக்கு 12 மணி என்று வைத்தால் 20 வாரத்தில் 240 மணி. வேலை நாள்களில் காலையில் ஒன்றரை மணி, வார இறுதியில் நான்கரை மணி என்று பிரித்தால் அந்த 12 வந்துவிடும்.

முதல் வேலையாகத் தேர்வுத் தேதியைப் பதிவு செய்யுங்கள். சிவில் போன்ற துறைகளில் தேர்வு ஆண்டு முழுவதும் நடப்பதால், ‘தயாரானதும் பதிவு செய்துகொள்ளலாம்’ என்று தள்ளுவது எளிது. தள்ளினால் தள்ளிக்கொண்டே போகும். பிறகு பாடத்திட்டத்தை அச்சிட்டு, ஒவ்வொரு தலைப்புக்கும் எத்தனை கேள்வி என்று கொடுத்திருப்பதைப் பார்த்து வாரங்களைப் பங்கிடுங்கள். உங்களுக்குப் பிடித்த தலைப்பில் நான்கு கேள்விதான் என்றால் அதற்கு நான்கு கேள்விக்குரிய நேரம்தான்.

கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்க முயலாதீர்கள். கணக்கு ஒன்றை எடுத்து, அதற்கான சூத்திரம் எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்று தேடுங்கள். எந்தச் சொல்லைத் தட்டினால் நேராகப் போகிறது, எந்தச் சொல்லைத் தட்டினால் அறுபது இடங்களில் அலைக்கழிக்கிறது என்பது பழக்கத்தில்தான் வரும். விதித்தொகுப்புகள் உள்ள தேர்வில் ஒரு கட்டுப்பாடும் உண்டு: அவை அத்தியாயம் அத்தியாயமாகத் தரப்படும், ஒரு நேரத்தில் ஒரே அத்தியாயத்தைத்தான் திறந்து தேட முடியும். முழுத் தொகுப்பிலும் ஒரே தட்டில் தேடலாம் என்ற நினைப்பு அங்கே உடைந்துவிடும். எந்த விஷயம் எந்த அத்தியாயம் என்பது மனத்தில் இருக்க வேண்டும். வகுப்பில் சேர்ந்தவரானாலும் இந்தப் பழக்கத்தைத் தாமேதான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

தவறிய கணக்குகளுக்கு ஒரு நோட்டு வைத்திருங்கள். விடை பார்த்துப் புரிந்துகொண்ட கணக்கைத் தீர்த்த கணக்காக எண்ணாதீர்கள். ஒரு வாரம் கழித்து வெற்றுத் தாளில் மீண்டும் போட்டுப் பாருங்கள். இரண்டாம் முறையும் நின்றால், அந்தத் தலைப்புக்கு மட்டும் பதிவு வகுப்போ, அலுவலகத்தில் உரிமம் பெற்ற ஒருவரின் அரை மணி நேரமோ தேடுங்கள். பெரும்பாலான மூத்தவர்கள் கேட்டால் மகிழ்ச்சியோடு உதவுகிறார்கள்.

எட்டாவது வாரத்தில் ஒரு கணக்குப் பாருங்கள். திட்டமிட்ட மணி நேரத்தில் பாதிகூடப் படிக்கவில்லை என்றால், பாடம் கடினமாக இருப்பது அதற்குக் காரணமல்ல, அட்டவணைதான் நிற்கவில்லை. நேரலை வகுப்பில் சேரச் சரியான தருணம் அது. அப்போதும் பன்னிரண்டு வாரம் மீதம் இருக்கும்.

கடைசி மாதமும் அதற்குப் பின்னும்

ஒதுக்கிவைத்த இரட்டைப்படைக் கேள்விகளை இப்போது எடுங்கள். அதோடு ஒரு முழு நாள், எட்டு மணி நேரம், நடுவில் 50 நிமிட இடைவேளையோடு, மற்ற கணக்குகளைக் கொண்டு ஒத்திகை பாருங்கள். தேர்வு இரண்டு பகுதிகளாக வரும். முதல் பகுதியை முடித்து இடைவேளைக்குப் போய்விட்டால் அந்தக் கேள்விகளுக்குத் திரும்ப முடியாது. எனவே சந்தேகமானவற்றைப் ‘பிறகு பார்க்கலாம்’ என்று குறித்துவைத்தால், அந்தப் பகுதிக்குள்ளேயே பார்த்து முடிக்க வேண்டும். ஒரு விடையைத் தேர்வது மட்டுமல்லாமல் பல சரியான விடைகளைத் தேர்வது, படத்தில் ஓர் இடத்தைச் சொடுக்குவது, எண்ணைத் தட்டச்சு செய்வது போன்ற கேள்வி வகைகளும் உண்டு.

முடிவு வழக்கமாக 7 முதல் 10 நாளில் வரும். தேறவில்லை என்றால் தலைப்புவாரியாக உங்கள் நிலையைக் காட்டும் அறிக்கை ஒன்று கிடைக்கும். முதலில் செய்த மூன்று குவியல் வேலையை அந்த அறிக்கையை வைத்து மீண்டும் செய்யுங்கள். எல்லாத் தலைப்பிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருந்தால் வேகமும் பயிற்சியும் போதவில்லை. அதே வகுப்பை மறுபடி கேட்பது அதற்கு மருந்தல்ல. இரண்டு மூன்று தலைப்புகள் மட்டும் ஆழமாக விழுந்திருந்தால், இதுவரை தாமே படித்தவர் அந்தத் தலைப்புகளுக்கு ஆசிரியரைத் தேட வேண்டும். என்.சி.இ.இ.எஸ். விதிப்படி மூன்று மாதக் காலக்கட்டம் ஒன்றில் ஒருமுறையும், 12 மாதத்தில் மூன்று முறைக்கு மேல் இல்லாமலும் எழுதலாம்; சில மாநிலங்கள் இதைவிடக் கடுமையாக வைத்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் கட்டணம் புதிதாகக் கட்ட வேண்டும். இலவச மறுவகுப்பு உறுதிமொழியோடு சேர்ந்திருந்தீர்கள் என்றால், தேறாத முடிவை அனுப்புவதற்கு அவர்கள் வைத்திருக்கும் கடைசித் தேதியை அன்றே பார்த்துவிடுங்கள்.